வெள்ளரிக்குளம் ரயில் கேட்டின் பணிவு

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். விடையை என்னிடம் சொல்ல வேண்டாம், உங்கள் நெஞ்சுக்குச் சொல்லிக்கொண்டால் போதும். நீண்ட வரிசையில் கால் கடுக்க நின்றிருந்த உங்களைத் தெரிந்தவர் ஒருவர் கண்சாடை காட்டிப் பக்கவாசல் வழியே உள்ளே அழைத்துப்போன அந்த நாளில், உங்களுக்கு முன்னால் நின்றிருந்தவரின் முகத்தை நீங்கள் திரும்பிப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் இந்தக் கதை உங்களுக்குத் தேவையில்லை. பார்க்கவில்லை என்றால், வெள்ளரிக்குளத்து ரயில் கேட் கும்பிடத் தொடங்கிய செவ்வாய்க்கிழமையிலிருந்து கேளுங்கள்.

அந்த கேட்டைக் காத்தவள் ஆவுடைத்தங்கம். தண்டவாளத்துக்கு இப்புறம் ஊர், அப்புறம் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் தாலுகா ஆபீசும் என்று ஊரைக் கடவுளோ ரயில்வேயோ இரண்டாகப் பிளந்து வைத்திருந்தபடியால், வெள்ளரிக்குளத்தில் பிறந்த எவரும் நாளுக்கு இரண்டு முறையாவது அவள் முன்னால் நின்றே ஆக வேண்டும். அது பழைய மாதிரி கேட், சிக்னலோடு பிணைக்கப்படாதது. ரயில் புறப்படுமுன் ஸ்டேஷன் மாஸ்டர் தேவசகாயம் தொலைபேசியில் அழைப்பார். அவள் கைச்சக்கரத்தைச் சுற்றிக் கம்பங்களை இறக்கி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "சாத்தியாச்சு சார்" என்று சொல்லி, தன்னிடமுள்ள தாளிலிருந்து ஓர் இரகசிய எண்ணைச் சொல்வாள். ஒருமுறை சொன்ன எண்ணை அடித்துவிட வேண்டும். மறுமுறை அது செல்லாது. அந்த எண்ணை நம்பித்தான் அவர் பச்சைக்கொடி காட்டுவார், அந்தக் கொடியை நம்பித்தான் எண்ணூறு பேரைச் சுமந்த வண்டி வேகம் குறையாமல் வரும். ஆகவே அவள் சொன்னது வெறும் எண்ணன்று, வாக்கு. பதினோரு ஆண்டுகளில் அவள் வாக்கு ஒருநாளும் பொய்த்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு ஐம்பது பாசஞ்சருக்காக அவள் கேட்டைச் சாத்தி எண்ணையும் சொல்லி முடித்திருந்தபோது, பரமகுருசாமி அண்ணாச்சியின் வெள்ளைக் கார் வந்து நின்றது. கல்குவாரிகளும் அரிசி ஆலைகளும் உடையவர். எந்தப் பதவியிலும் அமராமல் எல்லாப் பதவிகளையும் மடியில் முடிந்து வைத்திருந்தவர். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆட்சியர் ஆபீசே விடுமுறை எடுத்துக்கொண்டு வரும். டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தான், காத்திருந்த வண்டிகள் எல்லாம் எஞ்சினை முடுக்கிக்கொண்டு வழிவிட்டன. பூட்டு, பழுத்த புளியம்பழம் உதிர்வதுபோலக் கழன்று மண்ணில் விழுந்தது. சக்கரத்தை யாரும் தொடவில்லை. இரண்டு பக்கத்துக் கம்பங்களும், சந்நிதியில் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடும் பக்தனைப்போல மெல்ல உயர்ந்தன, கார் கடந்தது, கம்பங்கள் தாழ்ந்தன, நான்கு நிமிடம் கழித்து ரயில் வந்து போயிற்று.

எதிரே டீக்கடை வைத்திருந்த கைலாசம் பாலை ஆற்றியபடியே சொன்னான்: "பாத்தீயளா யக்கா, இரும்புக்கே ஆளு தெரியுது. நமக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

யாரும் அதற்குமேல் வியக்கவில்லை. வியக்க என்ன இருந்தது? அண்ணாச்சி வந்தால் ரேஷன் கடை ஷட்டர் உயரும், பத்திரப் பதிவு ஆபீசில் விடுமுறை நாளிலும் கதவு திறக்கும், கோயில் நடை சாத்தியபின் மறுபடி திறக்கும். அவற்றையெல்லாம் மனிதர்கள் திறந்தார்கள், இதை இரும்பு தானே திறந்தது, அவ்வளவுதான் வேறுபாடு. ஆவுடை புகார் எழுதினாள். பகுதிப் பொறியாளர் வந்து கம்பத்தைத் தட்டிப் பார்த்தார், அளந்தார், எண்ணெய் விட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சியின் கார் வந்தது, கம்பம் உயர்ந்தது, கம்பத்தோடு சேர்ந்து பொறியாளரின் வலக்கையும் நெற்றிவரை உயர்ந்தது. "கேட்டில் குறை ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு அவர் டீ குடிக்காமலே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் ஊர் அந்த அதிசயத்தைத் தன் அன்றாடத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டது. காலை எட்டே முக்காலுக்கு அண்ணாச்சி வருவார் என்று தெரிந்ததும், அதற்குமுன் கிளம்பக்கூடியவர்களும் கிளம்பாமல் டீக்கடை ஓரம் காத்திருக்கத் தொடங்கினார்கள். வெள்ளைக் கார் தெரிந்ததும் வண்டிகளை முடுக்கி, அதன் பின்னால் கோழிக்குப் பின்னே குஞ்சுகள்போல ஒட்டிக்கொண்டு கடந்தார்கள். முதலில் இரண்டு பைக், பிறகு பால்வண்டி, பிறகு வக்கீலின் ஜீப், பிறகு ஓய்வுபெற்ற நீதிபோதனை ஆசிரியர் அருணாசலக்கனியின் ஸ்கூட்டர். வாரங்கள் செல்லச்செல்ல அது நாற்பது வண்டிகளின் வால் ஆயிற்று. அந்த வால் முழுவதும் கடக்கும்வரை கம்பமும் தாழாமல் காத்துநின்றது. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் "மாப்பிள்ளை அண்ணாச்சிக்குப் பின்னால எத்தனாவது வண்டியில போறாரு?" என்று கேட்டார்கள், முன்வரிசையில் போகிறவருக்கு ஊரில் தனி மரியாதை பிறந்தது.

இடையில் ஒருநாள், அண்ணாச்சி ஊரில் இல்லாத நாளில், பிரசவ வேதனையில் துடித்த ஒரு பெண்ணை ஏற்றிய ஆம்புலன்ஸ் கேட்டின் முன் வந்து நின்றது. சரக்கு ரயில் வந்துகொண்டிருந்தது; திறக்கக் கூடாது, ஆவுடையும் திறக்கவில்லை. டிரைவர் சைரனை ஓயாது ஒலித்தார். கம்பம் ஒரு நூலளவும் அசையவில்லை. குழந்தை கேட்டுக்கு இந்தப் பக்கமே பிறந்து, இந்தப் பக்கமே இறந்தது. கம்பம் ஏன் அந்தத் தாய்க்கு உயரவில்லை என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. "அண்ணாச்சி மட்டும் இன்னைக்கு ஊர்ல இருந்திருந்தா பிழைச்சிருக்கும்" என்றுதான் அத்தனை பேரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு அவர் நீண்டநாள் வாழ வேண்டுமென்று வேண்டிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து ஆவுடை கடிகாரத்தையே பார்த்தபடி நின்றாள். வால் நீள நீள, அதன் கடைசி வண்டிக்கும் ரயிலுக்கும் நடுவே இருந்த நேரம் தேய்ந்து வந்ததை அவள் ஒருத்திதான் கவனித்தாள். நான்கு நிமிடம் மூன்றாயிற்று, மூன்று இரண்டாயிற்று. ஒவ்வொரு நாளும் அவள் கண் தேடியது வேறொன்று: அந்த வாலில் ஒன்பதாவது வண்டி, அவள் கணவன் செல்லப்பாண்டி ஓட்டிய பள்ளிக்கூட வேன். உள்ளே பதினேழு பிள்ளைகள். அதில் ஒருத்தி அவர்கள் மகள் மரகதம்.

"ஏங்க, நீங்க ஒருத்தராவது நில்லுங்களேன். ரயிலு போனபெறகு நானே தெறந்து விடுதேன்."

"ஏளா, எல்லாரும் போறாங்க. நான் மட்டும் நின்னா பிள்ளையளுக்கு லேட்டாயிரும். பெரிய ஸ்கூலு வேனு அண்ணாச்சி பின்னாடி போகுது, நீ மட்டும் என்ன கேட்டையே கட்டிக்கிட்டு நிக்கேன்னு பிள்ளையளப் பெத்தவங்க கேக்காங்க. நான் என்ன சொல்ல?"

"ரயிலு வருதுன்னு சொல்லுங்க."

"ரயிலு தெனமுந்தான் வருது. தெனமும் என்ன ஆச்சு?"

ஆபத்து நடந்து முடியும்வரை அது ஒரு கட்டுக்கதை. நடந்துவிட்டாலோ அது விதி.

ஒரு திங்கட்கிழமை வாலின் கடைசியில் போன பால்வண்டியின் பின்சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கவும் எஞ்சின் அதன் நிழலைத் தின்னவும் சரியாக இருந்தது. இரண்டு கேன் பால் சரளைக்கல்லில் சிந்திற்று. பால்காரன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். ஆவுடை சிந்திய பாலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் காலை தொலைபேசி ஒலித்தபோது அவள் எண் சொல்லவில்லை.

"சார், நான் நம்பர் தர மாட்டேன்."

"கேட் சாத்தலையாம்மா?"

"சாத்தியிருக்கேன் சார். சாத்துனது சாத்துனபடி இருக்கும்னு என்னால சொல்ல முடியாது. எல்லாருக்கும் சாத்துன கேட்டுதான் சாத்துன கேட்டு. ஒருத்தருக்கு மட்டும் தெறக்கும்னா அது சாத்தவே இல்ல."

மறுமுனையில் தேவசகாயம் ரிஜிஸ்தரைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா, நீங்க சொல்றது சரி. ஆனா அதை நான் ரிஜிஸ்தர்ல எப்படி எழுதுறது?" என்றார்.

பாசஞ்சர் நாற்பது நிமிடம் நிலையத்திலேயே நின்றது. அண்ணாச்சியும் நாற்பது வண்டிகளும் வழக்கம்போலக் கடந்து போனார்கள். ஆனால் ரயிலில் வர வேண்டியவர்களும் ரயிலுக்குப் போக வேண்டியவர்களும் கேட் அறையைச் சூழ்ந்துகொண்டார்கள். எவர் வாயிலும் அண்ணாச்சியின் பெயர் வரவில்லை. அவள் பெயர்தான் வந்தது.

"நீ சம்பளம் வாங்குதியா, சத்தியாக்கிரகம் பண்ணுதியா?" என்றார் வக்கீல்.

"ஒன் ஒருத்தியால எத்தன பேருக்குத் தொந்தரவு, பாத்தியா?" என்றார் அருணாசலக்கனி வாத்தியார்.

டீக்கடையிலிருந்து கைலாசம் கிளாசைக் கழுவியவாறே, குரலை உயர்த்தாமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "யக்கா, கோவிச்சுக்காதீய. இந்த கேட்டுக்கு நீங்க எப்படி வந்தீய? அண்ணாச்சி லெட்டர் குடுத்துல்லா வந்தீய?"

கூட்டம் சிரித்தது. அவன் சொன்னது உண்மை.

பதினோரு ஆண்டுகளுக்குமுன் வீட்டுக்கு அருகிலிருந்த இந்த கேட் காலியானபோது, பணிமூப்புப் பட்டியலில் முதலில் நின்றவர் கோயில்பிச்சை. கை கால் விழுந்துபோன மனைவியைக் கவனித்துக்கொள்ள அதே ஊரில் வேலை கேட்டிருந்தவர். ஆவுடை அப்போது வெளியூர் கேட் ஒன்றில் வேலை பார்த்த கைக்குழந்தைக்காரி. யாரோ சொல்ல, அண்ணாச்சி வீட்டு வாசலில் ஒரு சீப்பு பழத்தோடு போய் நின்றாள். அவர் முகம்கூடப் பார்க்காமல் ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். கோயில்பிச்சைக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய உப்பளக்காட்டு கேட் கிடைத்தது. அவர் மனைவி எப்படி இருக்கிறாள், இருக்கிறாளா என்றுகூட ஆவுடை இதுவரை விசாரித்ததில்லை. விசாரித்தால் பதில் வந்துவிடுமே என்ற பயந்தான். இரும்பு கும்பிடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவளுக்காக ஒரு கம்பம் உயர்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு மனிதன் நசுங்கியிருக்கிறான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று பிற்பகல் விசாரணைக்கு வந்த ரயில்வே ஆய்வாளர், "நாளைக்கும் நம்பர் கொடுக்கலேன்னா சஸ்பென்ஷன்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் ஆவுடை ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, தான் சிபாரிசினால் இந்த இடத்துக்கு வந்தவளென்றும், இது கோயில்பிச்சை என்பவருக்கு உரியதென்றும், அவரை இங்கே அனுப்பித் தன்னை உப்பளத்துக்கு அனுப்பும்படியும் எழுதி, அவளே நடந்து போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தாள். செல்லப்பாண்டி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "ஒனக்குப் பைத்தியமா? எழுதச் சொல்லி யாரு கேட்டா?" என்றான். "யாருமே கேக்கலைங்க. அதான் பதினோரு வருசம் ஆயிப்போச்சு" என்றாள் அவள்.

மறுநாள் புதன்கிழமை. வாலில் சேர வந்த வண்டிகள் வழக்கம்போல் ஓரத்தில் நின்றன. "அண்ணாச்சி மதுரைக்குப் போயிருக்காராம், வர ரெண்டு நாள் ஆவும். ரயிலு போற வரைக்கும் நிக்க வேண்டியதுதான்" என்று கைலாசம் அறிவித்தான், எல்லோரும் சலித்துக்கொண்டு எஞ்சினை அணைத்தார்கள். அண்ணாச்சி இல்லையென்றால் கம்பம் அசையாது. ஆவுடைக்கு மூச்சு வந்தது. கேட்டைச் சாத்தினாள், பூட்டினாள், சாவியை இடுப்பில் செருகினாள். தொலைபேசி ஒலித்தது. "சாத்தியாச்சு சார். அறுபத்தேழு." எண்ணை அடித்தாள். ரயில் புறப்பட்டுவிட்டது.

அப்போதுதான் வேப்பமரத்து வளைவில் வெள்ளைக் கார் திரும்பியது.

அவள் வெளியே ஓடினாள். கார் வந்து கம்பத்தின் முன் நின்றது, ஹாரன் ஒலித்தது. கம்பம் அசையவில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது வெறும் இரும்பாக இருந்தது. அதற்குள் பின்னால் "வந்துட்டாருவே! எடு, எடு!" என்று கூச்சல் எழுந்தது, பால்வண்டி உறுமிற்று, ஜீப் உறுமிற்று, பைக்குகள் உறுமின, முதல் எஞ்சின் உறுமியபோது பூட்டு உதிர்ந்தது, ஐந்தாவது எஞ்சினுக்குக் கம்பம் முழங்கால் உயரம் எழும்பிற்று, பத்தாவதற்கு இடுப்புக்கு வந்தது. இத்தனை மாதமும் எல்லோரும் முன்னால் நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்தபடியால் எவரும் காணாததை ஆவுடை அன்று கண்டாள்: கம்பத்தைத் தூக்கியவர் அண்ணாச்சி அல்லர். அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளக் காத்திருந்த ஒவ்வொருவரும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

தொலைவில் ரயில் கூவிற்று.

"அணைங்க! வண்டிய அணைங்க! அவருக்கு இல்ல, ஒங்களுக்குத்தான் தெறக்குது!"

"வழிய விடு, சிபாரிசுக்காரி!" என்று எவனோ கத்தினான்.

"ஆமா, சிபாரிசுலதான் வந்தேன்! கோயில்பிச்சைங்கிற மனுசன மிதிச்சிக்கிட்டு வந்தேன்! நேத்து எழுதிப் போட்டுட்டேன், எடத்தத் திருப்பிக் குடுத்துட்டேன்! இப்ப நீங்க குடுங்க!"

அவள் காரைத் தாண்டி, ஜீப்பைத் தாண்டி, நேரே ஒன்பதாவது வண்டியிடம் ஓடினாள். "ஏங்க," என்றாள்; பிள்ளைகள் இருந்த பக்கம் கை காட்டினாள். செல்லப்பாண்டி கண்ணாடியில் பின்னால் பார்த்தான். பதினேழு முகங்கள். சாவியைத் திருப்பினான். வேன் அடங்கிற்று, கம்பம் ஒரு விரற்கடை தாழ்ந்ததை அத்தனை பேரும் பார்த்தார்கள். பார்த்தபின் பால்காரன் அணைத்தான். முந்தாநாள் சிந்திய பால் அவனுக்கு இப்போதுதான் நினைவு வந்தது போலும். பைக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. வக்கீல், பக்கத்தில் எவரும் உறுமாததைக் கண்டு வெட்கப்பட்டு அணைத்தார். கம்பம் இறங்கி இறங்கி முழங்கால் உயரத்தில் நின்று நடுங்கியது. காரின் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அதைக் கம்பம் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. இன்னும் ஓர் உறுமல் எங்கோ மிச்சமிருந்தது.

அருணாசலக்கனி வாத்தியாரின் ஸ்கூட்டர்.

"சார், நீங்களுமா?" என்றான் கைலாசம்.

"எல்லாரும் நில்லுங்க, அதுதாம்பா முறை. எனக்கு மட்டும் இன்னைக்குக் கொஞ்சம் அவசரம்" என்றார் முப்பது ஆண்டு நீதிபோதனை நடத்தியவர்.

வேனுக்குள்ளிருந்து மரகதம் தலையை நீட்டினாள். "சார், ரயிலு வருது சார்."

அவர் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். சாவியைத் திருப்பினார். கம்பம் தொப்பென்று விழுந்தது. விழுந்த அதிர்ச்சி அடங்குமுன் ரயில் வந்தது, பெட்டி பெட்டியாக, ஜன்னல் ஜன்னலாக, தனக்கு என்ன நேர இருந்தது என்றறியாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த எண்ணூறு முகங்களோடு கடந்து போயிற்று. காரின் கண்ணாடி இறங்கியது. பரமகுருசாமி அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"இது தினமும் இந்த வழியாவா போகுது?" என்று டிரைவரிடம் கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி."

இங்கே முடித்தால் கேட்கிறவர்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் பொய் சொல்ல எனக்கு உரிமையில்லை. மூன்று மாதத்தில் உத்தரவு வந்தது. ஆவுடை உப்பளக்காட்டு கேட்டுக்குப் போனாள், கோயில்பிச்சை வெள்ளரிக்குளத்துக்கு வந்தார், மனைவி இல்லாமல், தனியாக. ஆவுடை அவர் காலில் விழுந்தாள். அவர் எழுப்பவும் இல்லை, ஏசவும் இல்லை; "சாவி எங்கம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

நாள்தோறும் எட்டு ஐம்பது கடந்ததும் அவள் உப்புக்காற்றில் நின்று அவருக்குப் போன் செய்கிறாள்.

"அண்ணே, இன்னைக்குக் கம்பம் எவ்வளவு எழும்புச்சு?"

"ரெண்டு விரக்கடை."

"நேத்து?"

"ஒண்ணு."

எங்கோ, யாரோ, மறுபடியும் எஞ்சினை முடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அது வெள்ளரிக்குளத்தில்தான் என்று யார் சொன்னது? ஆஸ்பத்திரி வரிசையிலோ, கோயில் நடையிலோ, உங்கள் மகனுக்காக ஒருவரிடம் வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருக்கும் அந்த இரண்டு வரித் தாளிலோ அது உறுமிக்கொண்டிருக்கலாம். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். ஒன்பதாவது வண்டியில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தத் தாளை இன்றே கிழித்துப் போடுங்கள். இன்றே வரிசைக்குத் திரும்பிப் போய், உங்களுக்கு முன்னால் நின்றவரின் முகத்தைப் பாருங்கள். ரயில் கூவிவிட்டது. அணையுங்கள், இப்போதே அணையுங்கள்.